இலை வாரிய கைகளில் விளக்குச் சரம்

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் தோட்டப் பராமரிப்புத் தொழில் செய்பவருக்கு ஆண்டு என்பது எட்டு மாதம்தான். ஏப்ரலில் புல் தலைதூக்கும்போது தொடங்கும் வேலை, நவம்பர் கடைசியில் எஞ்சிய இலைகளை வாரிக் கொட்டியதும் நின்றுவிடுகிறது. அதன்பிறகு அறுப்பு இயந்திரங்கள் கொட்டகைக்குள் போய்விடும். ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் "வசந்தத்தில் பார்க்கலாம்" என்று சொல்லி நான் அனுப்பிவைத்தவர்களில் பாதிப் பேர் வசந்தத்தில் திரும்பி வரவில்லை. எந்தக் கிளையை எந்த முடிச்சுக்கு மேலே வெட்ட வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் கூடவே நின்று கற்றுக்கொடுத்த ஒருவர், ஒரு குளிர்காலத்தில் கிடங்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு மாதம் சம்பளமில்லாமல் யாரால் குடும்பம் நடத்த முடியும்? கிறிஸ்துமஸ் விளக்குகள் கட்டும் வேலையைத் தொழிலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது.

இதே எண்ணத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் சிலர் என்னிடம் விவரம் கேட்டார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, நான் முதலாண்டில் செய்த தவறான கணக்கு. குளிர்காலம் காலியாக இருக்கிறது, அதை விளக்கு வேலை நிரப்பும் என்று நினைத்தேன். உண்மையில் விளக்கு கட்டும் வேலை குளிர்காலத்தில் வருவதில்லை. இலையுதிர்காலத்தின் தலைமேல் வந்து விழுகிறது. வாடிக்கையாளர்கள் எல்லாரும் நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தேங்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலும் பண்டிகை நாளின் இரவிலேயே விளக்கு எரிய வேண்டும் என்று விரும்புகிறார்கள். அந்தத் தேதிக்கு முந்தைய ஆறு வாரங்களில்தான் இலை வாருதல், தெளிப்பு நீர்க் குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றுதல், புல்வெளிக்குக் கடைசி உரம் போடுதல், வசந்தத்தில் பூக்கும் கிழங்குகளை நடுதல் ஆகிய அனைத்தும் வந்து குவியும். முதலாண்டு நவம்பரில் ஒரே நாளில் காலை இலை வாரிவிட்டு மாலை ஏணியில் ஏறிய என் ஆட்களின் முகத்தைப் பார்த்தபோது, அவர்களுக்கு நன்மை செய்கிறேன் என்று தொடங்கி அவர்களையே வாட்டுகிறேனே என்று மனம் வருந்தியது.

இரண்டாம் ஆண்டில் நான் மாற்றியது ஒன்றுதான். விற்பனையை ஆகஸ்டுக்குக் கொண்டுபோனேன். வெயில் கொளுத்தும்போது கிறிஸ்துமஸ் விளக்கைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் பேச வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுப் புல்லை அறுத்துவிட்டு நிற்கும்போதே, "இந்த ஆண்டு விளக்கு கட்டித்தர விரும்புகிறோம், அக்டோபர் நடுவில் கட்டிவிட்டு, மின் இணைப்பை மட்டும் நீங்கள் சொல்லும் நாளில் கொடுக்கிறோம்" என்று சொன்னேன். முன்கூட்டியே கட்ட ஒப்புக்கொண்டவர்களுக்கு விலையில் சற்றுக் குறைத்துக் கொடுத்தேன். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பகலில் கூரை ஓரத்தில் ஒட்டியிருக்கும் பச்சை வயரும் அணைந்த பல்புகளும் தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் பெரிதாகப் படுவதில்லை என்பதை அவர்களுக்கு ஒரு வீட்டின் படத்தைக் காட்டிப் புரியவைத்தேன். இலைகள் முழுவதும் உதிரும் முன்னரே கூரை வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. மரங்களில் கட்டும் வேலையை மட்டும் இலை உதிர்ந்த பிறகு வைத்துக்கொண்டோம்.

மரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் தொழிலிலிருந்து இதற்குள் வருபவருக்கு உள்ள பெரிய பலம் அதில்தான் இருக்கிறது. கூரை ஓரத்தில் நேர்கோடாக விளக்கு கட்டுவதை யாரும் ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஒரு மரத்தைப் பார்த்து எதைக் கட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வதற்கு அந்த மரத்தை நான்கு பருவத்திலும் பார்த்த கண் வேண்டும். பிர்ச், பீச், ஜப்பானிய மேப்பிள் போன்ற மெல்லிய பட்டை கொண்ட மரங்களில் வயரை இறுக்கிச் சுற்றிவிட்டு மறந்துபோனால், மரம் பருக்கப் பருக்க வயர் பட்டைக்குள் புதைந்து, பட்டைக்கு அடியில் உணவு கீழிறங்கும் பாதையை நெரித்துவிடும். இலையுதிர் மரங்களில் அடிமரத்தையும் முதல் நிலைக் கிளைகளையும் மட்டும் சுற்றுவது என் வழக்கம். மொட்டு பிடித்திருக்கும் சிறு கிளைகளுக்குப் போவதில்லை. வயருக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்க வேண்டும் என்பதை ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஊசியிலை மரங்களில் வேறு கவலை உண்டு. பல தண்டுகளாக நெடிதுயரும் ஆர்பர்விட்டே வேலி மரங்கள், பனியின் பாரத்தில் பிரிந்து சாயும். சுற்றிக் கட்டிய விளக்குச் சரம் விறைப்பாக இருந்தால் தண்டு சாயும்போது வயர் அறுந்துபோகும், அல்லது வயர் தாங்கித் தண்டு முறியும். உறைபனி பிடித்த கிளையைக் கையால் வளைக்கவே கூடாது. கண்ணாடிக் குச்சிபோல் ஒடிந்துவிடும்.

அடிமரத்தைச் சுற்ற எத்தனை சரம் வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மரத்தின் சுற்றளவு 3 அடி, சுற்ற வேண்டிய உயரம் 8 அடி, சுற்றுக்குச் சுற்று 4 அங்குல இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 24 சுற்றுகள் வரும். 24-ஐ 3-ஆல் பெருக்கினால் 72 அடி. பல்புக்குப் பல்பு 6 அங்குலமுள்ள 50 பல்புச் சரம் ஏறக்குறைய 25 அடி ஒளிதரும். ஆக மூன்று சரம். இதை ஆகஸ்டிலேயே டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டால், நவம்பரில் மரத்தடியில் நின்றுகொண்டு சரம் போதவில்லை என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை. நடைபாதையின் இருபுறமும் குத்தும் விளக்குத் தண்டுகளையும் மறந்துவிடாதீர்கள். தரை உறைந்தபின் அவை மண்ணில் இறங்காது. அவற்றை முதலில் குத்திவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போக வேண்டும்.

மின்சாரக் கணக்கு பலரையும் அச்சுறுத்துகிறது. அச்சம் தேவையில்லை, கவனம் மிகத் தேவை. அமெரிக்க வீடுகளின் வெளிச் சாக்கெட்டில் 120 வோல்ட் வருகிறது. சுமை மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் 15 ஆம்பியர் என்றால் மொத்தம் 1800 வாட். மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து எரியும் சுமைக்கு அதில் 80 விழுக்காட்டை, அதாவது 1440 வாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். கூரை ஓரத்தில் நாம் கட்டும் பெரிய கூம்பு பல்புகளுக்கு சி9 என்று பெயர். எண் பல்பின் விட்டத்தை எட்டில் ஒரு அங்குலக் கணக்கில் சொல்கிறது. சி9 என்றால் எட்டில் ஒன்பது அங்குலம். பழைய இழை பல்பு ஒன்று 7 வாட் இழுக்கும். அடிக்கு ஒன்றாக வைத்தால், 205 அடியிலேயே அந்த மின்சுற்றின் வரம்பு முடிந்துவிடும். அதே 205 பல்புகள் எல்இடியாக, ஒன்றுக்கு ஒரு வாட் என்று தாராளமாக வைத்தாலும், இரண்டு ஆம்பியரைக்கூடத் தொடாது. தாமஸ் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் 1882-இல் நியூயார்க்கில் தம் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் 80 பல்புகளைக் கையால் வயரிட்டு எரியவைத்தார். அந்த 80 பல்புகளுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்திருக்கும் என்று எண்ணும்போது, இன்று ஒரு சாக்கெட்டில் நாம் ஏற்றிவிடும் விளக்குகளின் எண்ணிக்கை எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

சுமை குறைந்துவிட்டது என்பதற்காகச் சாக்கெட்டைப் பார்க்காமல் விடக் கூடாது. வெளிச் சாக்கெட் பெரும்பாலும் தனி மின்சுற்றில் இருப்பதில்லை. கார் நிறுத்தும் அறையில் ஓடும் பழைய குளிர்பதனப் பெட்டியும் அதே பிரேக்கரில் இருக்கலாம். வயர் வாங்கும்போதும் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும்: எஸ்பிடி-1, எஸ்பிடி-2 என்று இரண்டு வகை உண்டு, இரண்டாவதன் காப்பு உறை தடிமன் அதிகம். ஒன்றுக்கான பிளக் மற்றதில் சரியாகப் பொருந்தாது. வயரின் உறையைப் பல்லால் கடித்துத் துளைப்பதுபோல் துளைத்து இணைப்புக் கொடுக்கும் பிளக்குகள் என்பதால், வகை மாறினால் உள்ளே செம்பைத் தொடாமலோ அரைகுறையாகத் தொட்டோ நின்றுவிடும். எந்த ஒரு வகையைத் தேர்ந்தாலும் தொழில் முழுவதற்கும் அந்த ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியில், பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்றளிக்கும் யுஎல் நிறுவனத்தின் முத்திரை நிறத்தையும் பாருங்கள். சிவப்பு என்றால் வெளியிலும் உள்ளேயும் பயன்படுத்தலாம், பச்சை என்றால் வீட்டுக்குள் மட்டும்தான். புதிய சாக்கெட் வைத்துத்தரச் சொல்லும் வாடிக்கையாளரிடம் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கச் சொல்லிவிட வேண்டும். அது நம் வேலை அல்ல.

இந்தத் தொழிலில் எனக்கு மிகுந்த பாடம் தந்தது ஓர் ஈரமான இரவு. முதலாண்டின் டிசம்பர் தொடக்கம். மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. இரவு எட்டு மணிக்கு மூன்று வீடுகளிலிருந்து அடுத்தடுத்து தொலைபேசி வந்தது: விளக்குகள் அணைந்துவிட்டன. முதல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தரைக்கசிவு மின்சாரத்தைக் கண்டறிந்து இணைப்பைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ சாக்கெட் துண்டித்திருந்தது. அது ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும். உயிரைக் காப்பதற்காகவே அவ்வளவு நுணுக்கமாக அமைக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினேன், மறுபடி துண்டித்தது. கைவிளக்கோடு சரத்தைப் பின்தொடர்ந்து போனேன். வாசல் படியருகே, நாங்களே கோடையில் பரப்பிய மரத்தூள் மேல், இரண்டு சரங்கள் சந்திக்கும் பிளக் ஒரு குட்டைக்குள் கிடந்தது. அதைச் சுற்றி என் ஆள் கறுப்பு டேப்பை நன்றாகச் சுற்றியிருந்தார். நீர் உள்ளே போகாது என்று நம்பியிருந்தார். டேப்பைப் பிரித்தபோது உள்ளிருந்து ஒரு கரண்டி அளவு தண்ணீர் ஒழுகியது. டேப் நீரைத் தடுக்கவில்லை, உள்ளே போன நீரை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருந்தது. இரண்டாவது வீட்டிலும் அதே கதை. அங்கே இணைப்பு மழைநீர்ப் பீலிக்குள் விழுந்து உறைந்த இலைகளோடு ஊறிக்கிடந்தது. மூன்றாவது வீட்டில் வெளிச் சாக்கெட்டில் பொத்தானே இல்லை. நெடுநேரம் தேடியபின் அது கீழ்த்தளக் குளியலறையில் இருந்தது தெரிந்தது. பல பழைய வீடுகளில் ஒரே ஜிஎஃப்சிஐ குளியலறையையும் வெளிச் சாக்கெட்டையும் சேர்த்துக் காக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வேலையில் டேப் இல்லை. ஒவ்வொரு இணைப்பும் தரையிலிருந்து உயர்ந்து, ஒரு சிறு குச்சியிலோ கிளையிலோ கீழ்நோக்கித் தொங்கும்படி இருக்க வேண்டும். வயர் அந்த இணைப்பை அடையும் முன் கீழே வளைந்து மேலேற வேண்டும், அப்போதுதான் வயர் வழியாக ஓடிவரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். எல்லா வீட்டிலும் ஜிஎஃப்சிஐ பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே வாடிக்கையாளரோடு நடந்து பார்த்து எழுதிக்கொள்கிறோம். அணில் வயரைக் கடிப்பதற்கு மட்டும் இன்னும் உறுதியான வழி எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக ஒவ்வொரு வாரமும் ஒருவர் மாலை நேரத்தில் எல்லா வீடுகளையும் வண்டியில் சுற்றிப் பார்த்துவருகிறார். வாடிக்கையாளர் கூப்பிடுவதற்கு முன்னே நாமே போய்ச் சரிசெய்வதில் கிடைக்கும் நல்லெண்ணம் பெரியது.

ஏணி விஷயத்தில் நான் கடுமையானவன். புல்வெளியில் நடந்து பழகியவர்கள் உயரத்துக்குப் பழகியவர்கள் அல்லர். முதலாளிகளில் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் ஏணியின் காலைச் சுவரிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். 16 அடி உயரத்தில் ஏணி சாய்ந்தால் கால் 4 அடி தள்ளியிருக்கும். கூரைமேல் இறங்கி நடப்பதானால் ஏணி விளிம்புக்கு மேலே 3 அடி நீண்டிருக்க வேண்டும். மின்கம்பி அருகே அலுமினிய ஏணி கூடவே கூடாது, கண்ணாடியிழை ஏணிதான். காலையில் கூரையில் வெண்பனி படிந்திருந்தால் அது உருகும்வரை யாரும் ஏறுவதில்லை. இதனால் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் வீணாகிறதே என்று முதலில் எனக்கும் தோன்றியது. அந்த இரண்டு மணி நேரத்தில் கீழே சரங்களை அளந்து வெட்டி, பல்பு மாட்டி, எரியவைத்துப் பார்க்கிறோம்.

தொடங்கும் முன் காப்பீட்டு முகவரோடு பேசிவிடுங்கள். தோட்ட வேலைக்கென எடுத்த பொறுப்புக் காப்பீடு, கூரையில் ஏறிச் செய்யும் வேலையை உள்ளடக்கியதா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டிலும் உயர வேலைக்கு வேறு வகைப்பாடு வரலாம். வாய்ப் பேச்சில் "பரவாயில்லை, செய்யுங்கள்" என்று சொல்பவர், ஒருவர் விழுந்து காலை ஒடித்துக்கொண்ட நாளில் அதே சொல்லைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

விலை பேசுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிக் கணக்கில் ஒரே விலை சொல்லி, அதற்குள் கட்டுவது, பருவம் முழுதும் பழுது பார்ப்பது, இறக்குவது, பாதுகாத்து வைப்பது நான்கையும் அடக்கிவிடுகிறோம். பாதித் தொகையை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வாங்குகிறோம், மீதியை விளக்கு எரிந்த அன்று. விளக்குகள் யாருக்குச் சொந்தம் என்பதில் முதலாண்டு குழம்பினேன். வாடிக்கையாளர் வாங்கிவைத்திருந்த பழைய சீரியல் செட்டைக் கட்டித்தரச் சொன்னால் மனம் இளகி ஒப்புக்கொண்டேன். அந்த வீடுகளிலிருந்துதான் பழுது அழைப்புகள் மிகுதியாக வந்தன, பாதிச் சரம் எரிந்து பாதி அணைந்து கிடக்கும். இப்போது எங்கள் விளக்குகளை மட்டுமே கட்டுகிறோம். உடைமை எங்களுடையது, வாடிக்கையாளர் பருவத்துக்கு வாடகை கொடுக்கிறார். இதைச் சொன்னதும் இரண்டு பேர் விலகிப் போனார்கள். வருத்தம்தான், ஆனாலும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஆணி, ஸ்டேப்பிள் எதையும் வீட்டில் அடிப்பதில்லை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறோம். கூரை ஓட்டின் விளிம்பிலும் பீலியின் உதட்டிலும் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளே போதும்.

ஜனவரியில் இறக்கும் வேலைக்கு வருகிறேன். இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. பண்டிகை முடிந்துவிட்டது, பணம் வந்துவிட்டது, குளிர் எலும்பைத் தொடுகிறது, கிளிப்புகள் விறைத்து விரலில் உடைகின்றன. ஆனால் அடுத்த ஆண்டின் இலாபம் முழுவதும் இந்த மூன்று வாரங்களில்தான் இருக்கிறது என்பதை மெல்ல மெல்ல உணர்ந்தேன். பண்டிகை அலங்கார விளக்குகளுக்கான தற்காலிக மின் அமைப்பை 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பும் சொல்கிறது. அக்டோபர் நடுவில் கட்டியதை ஜனவரி நடுவுக்குள் இறக்கிவிட வேண்டும். ஆகவே முதலில் கட்டிய வீட்டில் முதலில் இறக்குகிறோம்.

முதலாண்டில் எல்லாச் சரங்களையும் வண்டியின் பின்னால் அள்ளிப்போட்டுக் கொட்டகையில் கொட்டினோம். அடுத்த அக்டோபரில் அந்தச் சிக்கலைப் பிரிக்க இரண்டு பேருக்கு நான்கு நாட்கள் ஆயின. ஒவ்வொரு சரமும் ஒரு குறிப்பிட்ட வீட்டின் கூரைக்கு அளந்து வெட்டப்பட்டது. எது எந்த வீட்டுக்கு உரியது என்று தெரியாமல் மறுபடி அளந்து, மறுபடி வெட்டி, ஏராளமான வயரை வீணாக்கினோம். இப்போது கூரையிலிருந்து சரம் இறங்கும்போதே, அதன் பிளக் முனையில் ஒரு பட்டைச் சீட்டு கட்டுகிறோம்: "முன்கூரை, இடமிருந்து வலம்", "வாசல் முகடு", "பெரிய மேப்பிள், அடியிலிருந்து". ஒரு வீட்டின் சரங்கள், டைமர், எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகின்றன. மூடியின் உட்புறத்தில் அந்த வீட்டின் இரவுப் படத்தையும், சாக்கெட்டும் பொத்தானும் இருக்கும் இடத்தைக் குறித்த கைவரைபடத்தையும் ஒட்டிவிடுகிறோம். எரியாத பல்புகளை அங்கேயே மாற்றிவிட்டுத்தான் பெட்டியை மூடுகிறோம்.

சென்ற அக்டோபரில் ஒரு வீட்டுப் பெட்டியைத் திறந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு மூன்று பேர் ஒரு முழுநாள் நின்று கட்டிய வீடு அது. அன்று இரண்டு பேர் மூடியிலிருந்த படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஏணியை எடுத்தார்கள். முன்கூரைச் சரத்தின் கடைசிப் பல்பு கூரையின் கடைசி மூலையில் சரியாகப் போய் நின்றது. காலை பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்து, அவர்கள் அதே வீட்டுப் பின்தோட்டத்தில் இலை வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரும் இந்த ஏப்ரலில் வேலைக்கு வந்தார்கள். குளிர்காலத்தில் அவர்களை நான் அனுப்பவே இல்லை. பிப்ரவரி முழுவதும் கொட்டகையில் அமர்ந்து, மீதமிருந்த பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.